வீணாகும் மின்சாரமும் ஒரு வழுவே

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவைப் பராமரிப்போர் தமக்கென ஒரு விதிக்கோவை வைத்திருக்கின்றனர். கேர்னல் எனப்படும் அந்த உட்கருவைத் தமிழ்க் கணினி ஆர்வலர் 'கருனி' என்பர். இப்பதிவிலும் அப்பெயரையே ஆள்கிறேன். ஏற்கெனவே வெளிவந்து மக்கள் பாவனையில் இருக்கும் பழைய கருனிகளுக்கு எத்தகைய திருத்தங்களை அனுப்பலாம், எவற்றை அனுப்பலாகாது என்பதை அக்கோவை வரையறுக்கிறது. திருத்தம் ஏற்கெனவே தலைமைப் பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். சூழல் வரிகளையும் சேர்த்து 100 வரிகளைத் தாண்டலாகாது. மெய்யான ஒரு வழுவை அது தீர்க்க வேண்டும். இயந்திரம் உறைந்து நிற்றல், தரவு சிதைதல், பாதுகாப்பு ஓட்டை, வன்பொருளின் கோணல் குணம் ஆகியவை வழுவுக்கு உதாரணங்கள். வேகம் கணிசமாகக் குன்றுவதும் வழுவாகலாம் என்று ஒரு சலுகையும் உண்டு.

நல்ல விதிகள்தாம். ஆனால் அப்பட்டியலை எத்தனை முறை படித்தாலும் ஒன்று மட்டும் கண்ணில் படுவதில்லை. இயந்திரம் சும்மா இருக்கும்போது மின்சாரத்தைத் தின்றுகொண்டிருந்தால் அது வழுவா, இல்லையா? வேகம் குறைந்தால் வழு. மின்செலவு கூடினால் 'வசதிக் குறைவு'. வசதிகள் பழைய பதிப்புக்குப் போகா. வேண்டுமென்றால் புதியதற்கு மாறிக்கொள்.

இந்தப் பாகுபாட்டை நான் ஏற்கவில்லை. மின்சாரம் சுவரில் இருந்து வற்றாது வரும் தேசங்களில் இருந்து எழுதப்பட்ட பாகுபாடு இது. வீணாகும் மின்சாரமும் ஒரு வழுவே என்பது என் கட்சி. அதைத் திருத்தும் அறிவு உலகில் எங்கேனும் எழுதப்பட்டுவிட்டால், பழைய இயந்திரத்தையும் பழைய இயங்குதளத்தையும் வைத்திருப்பவனுக்கும் அது வந்து சேரவேண்டும்.

இதை வத்தேகமையில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊருக்கு ஒரு புறம் பொல்கொல்ல, மறுபுறம் உக்குவளை. பொல்கொல்லவில் மறிக்கப்படும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்துகொண்டு சென்று உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளை 1976 முதல் சுழற்றுகிறது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 210 மெகாவாற்று ஆற்றலுடன் நிற்கிறது. மின்சாரம் பிறக்கும் நீரின் கரையில் குடியிருப்பவர்கள் நாங்கள். இருந்தும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டை நாட்டின் ஏனைய பகுதிகளைப் போலவே நாங்களும் அனுபவித்தோம். அவ்வாண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது; நுரைச்சோலை அனல்மின் நிலையம் மீளும்வரை அடுத்த நாள்களிலும் வெட்டு நீடித்தது. ஒரு குரங்கின் தாவலைத் தாங்காத மின்தொகுதியை வைத்திருக்கும் நாட்டில் ஒவ்வொரு வாற்றும் கணக்கில் வரவேண்டும்.

இனி, கருனிக்கும் மின்சாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் வாசகர்களுக்காகச் சிறு விளக்கம்.

புரொசசர், எங்கள் பாடநூல்கள் கூறும் 'முறைவழியாக்கி', இரண்டு வழிகளில் மின்சாரத்தைச் சேமிக்கும். ஒன்று, வேலை குறைவாக இருக்கும்போது வேகத்தையும் அழுத்தத்தையும் தாழ்த்திக்கொள்வது. சில்லு மாறிமாறி இயங்குவதால் உண்டாகும் மின்செலவு, அழுத்தத்தின் வர்க்கத்துக்கும் இயங்கு வேகத்துக்கும் நேர்விகிதமானது. வேகத்தைப் பாதியாக்கி, அழுத்தத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு 32 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதே வேலைக்கு இருமடங்கு நேரம் எடுத்தாலும், சில்லின் கசிவைத் தள்ளிவைத்துப் பார்த்தால், மொத்தமாகச் செலவாகும் சக்தி 64 சதவீதமே. இன்டெல் 'ஸ்பீட்ஸ்டெப்' என்றும் ஏஎம்டி 'கூல் அன்ட் குவைட்' என்றும் பெயரிட்டு விற்றது இந்த வித்தையைத்தான். இரண்டாவது வழி உறக்கம். வேலையே இல்லாதபோது சில்லின் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்து, மேலோட்டமான துயிலில் இருந்து ஆழ்ந்த துயில் வரை படிப்படியாக இறங்குவது.

இவ்விரண்டையும் செய்யும் ஆற்றல் சில்லில் இருக்கிறது. எப்போது, எந்த அளவுக்குச் செய்வது என்று பெரும்பாலும் தீர்மானிப்பது கருனி. கருனிக்கு அந்த அறிவு இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கிய ஆற்றல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். இந்த அறிவும் ஒரே நாளில் வந்ததன்று. வேலையின் அளவைப் பார்த்து வேகத்தைத் தானே மாற்றும் 'ஒன்டிமாண்ட்' என்ற ஏற்பாடு 2004 இல் 2.6.9 பதிப்பில் வந்தது. அதற்குப் பின்னரும் கருனி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு செக்கனுக்கு 100, 250 அல்லது 1,000 தடவை புரொசசரைத் தட்டி எழுப்பி நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. தூங்கச் சொல்லிவிட்டுத் தோளை உலுக்கிக்கொண்டே இருக்கும் எசமானைப் போல. இந்தத் தட்டலைத் தேவையற்றபோது நிறுத்தும் ஏற்பாடு 2007 ஏப்ரலில் 2.6.21 பதிப்பில்தான் சேர்ந்தது.

புதிய பதிப்பில் பிறந்த இத்தகைய அறிவைப் பழைய பதிப்புக்குக் கொண்டுசென்று பொருத்துவதைக் கணினியாளர் 'பேக்போர்ட்டிங்' என்பர். நான் அதைப் 'பின்னேற்றம்' என்று அழைக்கிறேன். பத்திரிகைக்காரனுக்கும் பதிப்பாளனுக்கும் இது புதிய சங்கதியன்று. அச்சாகி விற்பனையாகிவிட்ட நூலில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், அடுத்த பதிப்பில் திருத்துவது ஒரு கடமை. முதற்பதிப்பை வாங்கியவனுக்கு 'பிழை திருத்தம்' என்றொரு தாளை அச்சிட்டுக் கொடுப்பது இன்னொரு கடமை. 'ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது, அதை வாங்கு. முதற்பதிப்பைக் கறையானுக்குக் கொடு' என்று சொல்லும் பதிப்பாளனை நாம் என்னவென்று அழைப்போம்? கணினி உலகில் அவனை 'முன்னோடி' என்று அழைக்கிறோம்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 2016 ஜனவரியில் அந்நிறுவனம் தன் கொள்கையை அறிவித்தது. இன்டெல்லின் ஆறாம் தலைமுறையான ஸ்கைலேக் புரொசசர்களில் விண்டோஸ் 7 குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே ஆதரிக்கப்படும்; அதற்குப் பின்வரும் தலைமுறைகளுக்கு விண்டோஸ் 10 மட்டுமே. பழைய விண்டோஸ் 7 கணினியோடு ஒப்பிட்டால், ஸ்கைலேக்கும் விண்டோஸ் 10 உம் சேரும்போது மின்கல ஆயுள் மூன்று மடங்கு வரை கூடும் என்பது அப்போது முன்வைக்கப்பட்ட பெருமைகளுள் ஒன்று. ஸ்கைலேக்கில் வேகமாற்றத்தைச் சில்லே தன்னிச்சையாகச் செய்துகொள்ளும் 'ஸ்பீட் ஷிஃப்ட்' என்ற நுட்பம் இருந்தது. அதை விழிக்கச் செய்யும் அறிவு விண்டோஸ் 10 க்குக் கொடுக்கப்பட்டது. விண்டோஸ் 7 க்கோ 2020 ஜனவரி 14 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக வாக்குறுதி நிலுவையில் இருந்தது. அப்படியிருந்தும் 2017 வசந்த காலத்தில் வந்த இற்றைகள், மேலும் புதிய புரொசசர்களில் ஓடிய விண்டோஸ் 7 க்கு அடுத்த இற்றைகள் கிடைப்பதையே தடுத்தன. புதிய அறிவைப் பழையதற்குக் கொடுக்காமல் விட்டது ஒன்று. ஏற்கெனவே வாக்களித்த பாதுகாப்பையும் நிறுத்தியது மற்றொன்று. வாடகைவீட்டின் கூரையைத் திருத்தித் தர மறுத்த முதலாளி, கதவையும் கழற்றிக்கொண்டு போன கதை.

வரலாறு மீண்டது. விண்டோஸ் 10 இன் பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11 க்கு, இன்டெல் பக்கத்தில், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் வேண்டும். விதிக்குள் அடங்காத கணினிகள் ஓர் இரவில் கெட்டுப்போகவில்லை, கெட்டவையாக அறிவிக்கப்பட்டன. அதே வேளையில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில், நுகர்வோர் அமைப்புகள் வற்புறுத்தியதன் பின், மேலும் ஓராண்டுக்கான பாதுகாப்பு இற்றைகளின் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. இந்தப் பாடத்தை அடிக்கோடிட்டு வாசியுங்கள். 'தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது' என்று சொல்லப்பட்ட பல, கேட்பவன் குரல் உயர்ந்தபோது இயன்றிருக்கின்றன.

லினக்ஸ் அன்பர்கள் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். 'எங்களிடம் அந்தப் பிணி இல்லை' என்பார்கள். இருக்கிறது, வேறு வடிவில் இருக்கிறது.

2018 ஜூனில் வந்த 4.17 பதிப்பில், சும்மா இருக்கும் புரொசசரைத் துயிலச் செய்யும் பகுதியைத் திருத்தி எழுதினார்கள். அதற்கு முன் நடந்தது இது: எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று கணிக்கும் முன்னரே எழுப்பும் மணியை நிறுத்திவிடுவார்கள். 'சிறிது நேரந்தானே' என்று கணித்து மேலோட்டமான துயிலில் விடப்பட்ட புரொசசர், கணிப்பு பிழைத்து நெடுநேரம் வேலை வராவிட்டால், ஆழ்ந்த துயிலுக்கு இறங்க வழியின்றி அரைத் தூக்கத்திலேயே மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். இராக்காவலாளியை நாற்காலியில் சற்றே கண்ணயரச் சொல்லிவிட்டு, 'போய்ப் படு' என்று சொல்ல ஆளனுப்ப மறந்துவிட்டதைப் போன்றது. கணிப்பை முன்னும் மணியை நிறுத்துவதைப் பின்னுமாக வரிசை மாற்றியபோது, சில இயந்திரங்களில் ஓய்வுநேர மின்செலவு 10 சதவீதமும் அதற்கு மேலும் குறைந்ததாக அறிவிக்கப்பட்டது.

இது புதிய வசதியா, வழுத் திருத்தமா? வரிசை பிழைத்திருந்தது, சரிசெய்தார்கள். எந்த மொழியிலும் இதற்குப் பெயர் வழுத் திருத்தம். ஆயினும் பல திட்டுகள் கோத்த இத்தகைய சீரமைப்பு, 100 வரி விதியின் வாசலில் நுழைய முடியாது. அதற்குச் சற்று முன்னர், 2017 நவம்பரில் வெளிவந்து 2024 ஜனவரி வரை நீண்டகால ஆதரவு பெற்றது 4.14. அதை நம்பித் தங்கியவர்களுக்கு விதி தரும் பதில், 'மேலே ஏறி வா' என்பதே.

மற்றொன்று. ஏஎம்டியின் புதிய புரொசசர்களில் வேகத்தையும் மின்செலவையும் நுணுக்கமாக ஆளும் 'ஏஎம்டி பி-ஸ்டேட்' என்ற இயக்கி 5.17 பதிப்பில் சேர்ந்தது. அப்பதிப்பு வெளிவந்த திகதி 2022 மார்ச் 20. நாங்கள் 13 மணி நேர இருட்டில் அமர்ந்தது அதே மாதத்தின் கடைசி நாள்களில். கையடக்க விளையாட்டுக் கருவியின் மின்கலம் கூடுதலாக நிலைக்கவேண்டும் என்ற அக்கறையும் அந்த இயக்கியின் பின்னணியில் இருந்தது. அதில் குற்றமில்லை. விளையாடுபவனின் மின்கலத்துக்குக் கிடைத்த அக்கறை, வெட்டு வருமுன் கணக்கை முடிக்கத் துடிக்கும் கூட்டுறவுச் சங்க எழுதுவினைஞரின் யுபிஎஸ் பெட்டிக்கும் கிடைக்கவேண்டும் என்பதே என் வாதம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

முதல் மறுப்பு: 'பின்னேற்றம் எதற்கு? புதிய கருனியைப் போட்டுவிட்டால் போதுமே, அதுவும் இலவசம்.' நிபுணரின் மேசையில் இது உண்மை. பாடசாலையின் கணினிக்கூடத்தில் இது பாதி உண்மை. பேராதனைக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, நம் நாட்டு மாணவர்களை மனத்திற்கொண்டு 2009 இல் ஹந்தான லினக்ஸ் பிறந்தது. போற்றத்தக்க முயற்சி. ஆனால் அதன் அடித்தளமான ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்பும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரிக்கப்படும். ஒரு முறை நிறுவிவிட்டு ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடப்படும் கூடத்தின் ஆயுளோடு இது எப்படிப் பொருந்தும்? கருனியை மட்டும் மாற்றலாம் என்றால், பழைய அச்சுப்பொறியின் இயக்கி மறுக்கும்; மூலநிரல் இல்லாமல் வந்த வரைகலை இயக்கி முரண்டுபிடிக்கும். 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிற் கணினிகளுக்கான நிறுவியையும் கருனியையும் வழங்குவதை நிறுத்திவிட்டது. அத்தகைய கணினியில் பிள்ளைகள் தட்டச்சுப் பழகும் கூடத்துக்கு 'மேலே ஏறி வா' என்பது, ஏணியை எடுத்துவிட்டுக் கூரையில் நின்று கூப்பிடுவதற்குச் சமம்.

இரண்டாம் மறுப்பு: 'பழைய இயந்திரமே மின்சாரத்தைத் தின்கிறது, புதியதை வாங்குவதே சிக்கனம்.' வத்தேகமைக் கடைவீதியில் திருத்தவேலை செய்யும் இளைஞர் ஒருவர் இதைத்தான் என்னிடம் சொன்னார். "ஐயா, இது இனி சரிவராதுங்க. புதுசா ஒன்னு எடுத்துடுங்க." அவரைக் குறைசொல்லேன், அவருக்குக் கற்பித்த பாடம் அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாவை மிதக்கவிட்டபின், 200 ரூபா அளவில் நின்ற டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. ஏற்றுமதிக்குக் கொழுந்து பறிக்கும் ஊரில், இறக்குமதியாகும் கணினியின் விலை டொலரில் பிறக்கிறது. அதை வாங்குபவரின் சம்பளம் ரூபாவில் பிறக்கிறது. மேலும், ஒரு மடிக்கணினி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியுமிழ்வில் பெரும்பகுதி, அது நம் மேசைக்கு வருமுன், தொழிற்சாலையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. சில வாற்றுகளைச் சேமிக்க முழு இயந்திரத்தையும் எறிவது, ஒழுகும் குழாய்க்காகக் கிணற்றைத் தூர்ப்பதாகும்.

மூன்றாம் மறுப்பு கனமானது; அதற்கு மரியாதை செய்தே பதில் சொல்லவேண்டும். 'பின்னேற்றம் ஆபத்தானது. புதிய நிரல் பழைய சூழலில் எதிர்பாராத விளைவுகளைத் தரும். புரொசசரின் துயிலில் கைவைத்து ஏதேனும் பிழைத்தால் இயந்திரம் எழாமலே போகலாம். பராமரிப்போர் பலர் களைத்துப்போயிருக்கிறார்கள்.' அத்தனையும் உண்மை. 2023 இல், நீண்டகால ஆதரவுக் காலத்தை ஆறு ஆண்டுகளில் இருந்து இரண்டாகக் குறைக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் இந்தக் களைப்பினால்தான். சம்பளமின்றியும் பாராட்டின்றியும் உழைப்பவர்மீது கல்லெறிய நான் வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்' என்ற பாதுகாப்பு ஓட்டை உலகுக்குத் தெரியவந்தபோது என்ன நடந்தது? நினைவகத்தை ஆளும் முறையையே மாற்றும் மாபெரும் திருத்தம், 100 வரி விதியைத் துச்சமாகத் தாண்டி, 4.14 க்கும் 4.9 க்கும் 4.4 க்கும் பின்னேற்றப்பட்டது. அது செய்யத்தக்க காரியமே, செய்தவர்களை வணங்குகிறேன். அதில் இருந்து ஒன்று புலனாகிறது. இயலுமா, இயலாதா என்பதன்று கேள்வி. எதை அவசரம் என்று கருதுகிறோம் என்பதே கேள்வி. பெரும் தரவு மையங்களின் இரகசியங்கள் கசிவது அவசரம். சிறு ஊர்களின் மின்சாரம் கசிவது அவசரமன்று.

பின்னேற்றம் இயலாதென்றால் ரெட் ஹாட் நிறுவனம் பிழைப்பு நடத்துவது எப்படி? 2014 ஜூனில் வந்த அதன் ஏழாம் பதிப்பு 3.10 கருனியோடு புறப்பட்டு 2024 ஜூன் 30 வரை, பத்தாண்டுகள், பராமரிக்கப்பட்டது. எண் பழையதாகவே இருக்க, புதிய வன்பொருளுக்கான ஆதரவுகள் அதனுள் தொடர்ந்து ஏற்றப்பட்டன. பணம் கட்டுவோருக்குப் பின்னேற்றம் ஒரு சேவை. கட்டாதோருக்கு அது ஓர் ஆபத்து. ஹிட்டாச்சி, சீமென்ஸ், தொஷிபா முதலியன சேர்ந்து 2016 இல் தொடங்கிய குடிசார் உட்கட்டமைப்பு மேடையைப் பாருங்கள். மின்நிலையங்களிலும் ரயில் சேவைகளிலும் இயங்கும் கணினிகளை நினைந்தபடி மாற்றமுடியாது என்பதால், தெரிந்தெடுத்த சில கருனிகளைக் குறைந்தது பத்தாண்டுகளுக்குப் பேணுவது அதன் நோக்கம். 4.4 உம் 4.19 உம் அவற்றுள் அடங்கும். தலைமைப் பதிப்பில் ஏற்கப்பட்டது எதுவோ அதையே பின்னேற்றுவது என்ற ஒழுங்கோடு அவர்கள் இயங்குகிறார்கள். மின்சாரத்தை ஆக்கும் இடத்துக்குக் கிடைக்கும் இந்தப் பரிவு, அதைச் செலவிடும் இடத்துக்கு மட்டும் ஏன் மறுக்கப்படவேண்டும்?

நான்காம் மறுப்பு: 'சேமிப்பு அற்பம்.' கணக்கிடுவோம். உதாரணத்துக்கு, 20 கணினிகள் கொண்ட ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் 5 வாற்று மிச்சம். நாளொன்றுக்கு 8 மணி நேரம். ஆண்டுக்கு 200 நாள்கள். மிச்சமாவது 160 அலகுகள். ஒரு பாடசாலையின் மின்பட்டியலில் இது பெரிய தொகையன்று, ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம் கூடங்களானால் 160,000 அலகுகள். கடைகளையும் காரியாலயங்களையும் வங்கிக் கிளைகளையும் சேர்த்தால் எண் வேறாகிவிடும். இதற்காக எவரும் அணை கட்டவேண்டியதில்லை, சுரங்கம் வெட்டவேண்டியதில்லை. எங்கோ எழுதி முடிக்கப்பட்டுவிட்ட நிரலைப் பொருத்தினால் போதும். தவிர, மின்வெட்டுக் காலத்தில் யுபிஎஸ் பெட்டி தாங்கும் ஒவ்வொரு கூடுதல் நிமிடமும், முடிக்கப்படாத கடிதத்தையும் சேமிக்கப்படாத கணக்கையும் காப்பாற்றும் நிமிடமாகும். அந்த நிமிடத்தின் பெறுமதியைக் கிலோவாற்று மணியில் அளக்கமுடியாது.

இங்கே நேர்மையாக ஓர் எல்லையையும் சொல்லவேண்டும். பின்னேற்றம் மந்திரமன்று. சில்லில் இல்லாத ஆற்றலை எந்தக் கருனியும் உண்டாக்காது. மிகப் பழைய புரொசசர்களில் துயிலுக்கான ஆழ்படிகளே குறைவு. அவற்றுக்குக் கிடைக்கும் நன்மையும் குறைவு. எந்த இயந்திரத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை அளந்தே அறியவேண்டும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர். ஆற்றில் இருந்தே மின்சாரம் எடுக்கும் நாம் அளக்காமல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே அரசுக்கும் கற்றோருக்கும் நான் வைக்கும் கோரிக்கைகள் எளியவை.

முதலாவது, அளவை. வத்தேகமைக் கல்வி வலயம் போன்ற ஒரு வலயத்தில் சில கூடங்களைத் தெரிந்தெடுத்து, சுவர்ச்செருகியில் மின்மானி பொருத்தி, கணினிகள் வேலையின்றி இருக்கும்போதும் வேலைசெய்யும்போதும் எவ்வளவு இழுக்கின்றன என்று எழுதுங்கள். அதற்கு உயர்கணித அறிவு வேண்டியதில்லை. உயர்தர மாணவர்களுக்கு நல்லதொரு செயற்றிட்டம்.

இரண்டாவது, பெறுகை விதி. பொதுப்பணத்தில் கணினி வாங்கும் ஒவ்வொரு கேள்விப்பத்திரத்திலும், இயந்திரத்தின் மின்சேமிப்பு வசதிகள் அதனுடன் தரப்படும் இயங்குதளத்தில் முழுமையாக இயங்கவேண்டும், குறித்த ஆண்டுகளுக்குப் பேணப்படவேண்டும் என்ற ஒரு நிபந்தனை இருக்கட்டும். நினைவகம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று வரிக்கு வரி கேட்பவர்கள், துயிலத் தெரியுமா என்று ஒருபோதும் கேட்பதில்லை. நன்கொடையாக வரும் கணினிகளுக்கும் இது பொருந்தும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பர். அது தின்னும் புல்லையாவது பார்க்கவேண்டாமா?

மூன்றாவது, ஒரு பொதுக் கருனி. ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே தவிப்பதைவிட, நீண்டகால ஆதரவுள்ள ஒரு பதிப்பைத் தெரிந்து, தலைமைப் பதிப்பில் ஏற்கப்பட்ட மின்சேமிப்புத் திருத்தங்களை அதில் ஏற்றி, நம் நாட்டில் மிகுதியாகப் பாவனையில் உள்ள இயந்திர வகைகளில் சோதித்து வெளியிடும் ஒரு சிறு குழு வேண்டும். கருனியின் உரிமம் அதற்குத் தடையில்லை. அவ்வாறு செய்வதற்காகவே அவ்வுரிமம் எழுதப்பட்டது. பேராதனையிலும் மொரட்டுவையிலும் பொறியியல் படிப்போருக்கு, எங்கோ ஒரு நிறுவனத்தின் விற்பனைச் செயலியைக் காட்டிலும் இது ஆயிரம் மடங்கு மேலான பயிற்சி.

'நம்மால் ஆகுமா?' என்று கேட்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறேன். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கிய பின், சில வாரங்களுக்குள் இந்நாட்டு நிரலாளர்கள் ஒன்றுகூடி 'சஹானா' என்ற திறந்தமூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினார்கள். பின்னர் அது பிற நாடுகளின் பேரிடர்களிலும் கைகொடுத்தது. அன்று எவரும் 'புதிய பதிப்பு வரும்வரை காத்திருங்கள்' என்று சொல்லவில்லை. தேவை இன்னதென்று தெரிந்தது, செய்தார்கள். மின்சாரம் இன்னும் நமக்குத் தேவை என்று தோன்றவில்லையா?

உலகெங்கும் வாழும் தமிழ் நிரலாளர்களுக்கும் ஒரு சொல். சென்னையிலும் பெங்களூரிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நீங்கள் எழுதும் நிரல்கள், நீங்கள் ஒருபோதும் காணாத மலையகத் தோட்டத்துப் பள்ளியொன்றின் மின்பட்டியலிலும் எழுதப்படுகின்றன. ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்று பரிமாறுவது எளிது; நெய் உங்களுடையதன்று. உங்களிற் சிலர் கருனிப் பணியிலேயே இருக்கக்கூடும். அந்த விதிக்கோவை வேதமன்று. மனிதர் எழுதியது, மனிதர் திருத்துவது. உறைதல், சிதைதல், ஓட்டை, வேகக்குறைவு என்று நீளும் அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டே சொற்கள் சேரவேண்டும்: வீண் மின்செலவு. அதற்கான திட்டு 100 வரிகளைத் தாண்டாது. ஒரு வரி போதும். யாராவது அனுப்புங்கள்.